கீழ் ஐந்து கோடுகள்

எங்கள் அக்கா கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டாகிறது. கூட்டத்தில் பேச எனக்கு வராது. அதனால் எழுதித் தருகிறேன்.

அக்கா பிறந்தது கிழக்குத் தாம்பரம் ரயில்வே குடியிருப்பில். பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு அப்பா தவறிவிட்டார். பல்லாவரத்தில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து தம்பிகள் எங்களை அக்காவே படிக்க வைத்தார். தமக்கென்று அவர் கேட்டது ஒன்றுதான். சபையில் ஆர்கன் வாசிக்க வேண்டும்.

அறுபதுகளின் கடைசியில், ஆர்கன் வாசித்தவர் மாற்றலாகிப் போனார். பெண்கள் யாரும் அதுவரை அங்கே உட்கார்ந்ததில்லை. "கிறிஸ்துமஸ் வரைக்கும் வாசிம்மா. சரியா வரலேன்னா வெளியிலேர்ந்து ஆள் கூப்பிட்டுக்கறோம்" என்றார் கமிட்டித் தலைவர்.

சுரங்களை ஐந்தைந்து கோடுகளில் புள்ளியிட்டு எழுதும் ஸ்டாஃப் நொட்டேஷனை அக்கா தாமாகவே படித்தவர். வலது கைக்குரிய மேல் ஐந்து கோடுகளைப் போலவே இடது கைக்குரிய கீழ் ஐந்தையும் வாசித்தார். வரியின் தொடக்கத்தில் இருக்கும் கிளெஃப் குறி வெறும் அலங்காரம் என்று நினைத்திருந்தார். ஒத்திகையில் காது கூசியது.

"இன்னா சிஸ்டர், வலது கை சர்ச்சுக்குப் போவுது, எடது கை மார்க்கெட்டுக்குப் போவுதே?" என்றார் பாடகர் குழுவில் பேஸ் என்ற கீழ்க்குரல் பாடிய ஒருவர்.

"சிரிக்கிறதை அப்புறம் சிரிங்க பிரதர். உங்க லைனை மட்டும் தனியா பாடுங்க."

கோடுகள் இல்லாமல் டோ, ரே, மீ என்று எழுத்திலேயே சுரம் தரும் தமது சோல்ஃபா புத்தகத்தைப் பார்த்து அவர் நிதானமாகப் பாடினார். அவர் 'சோ' என்ற இடத்தில் அக்கா 'மீ' வாசித்திருந்தார். ஒவ்வொரு சுரமும் இரண்டு கட்டை தள்ளியிருந்தது. அக்கா குறியை உற்றுப் பார்த்தார்.

"கோட்டுக்குன்னு சொந்தப் பேரே கெடையாது. முன்னாடி நிக்கிற குறிதான் பேர் வைக்குது. மேலே சுருள் சுத்துற கோடு ஜிங்கிற சுரம். கீழே ரெண்டு புள்ளிக்கு நடுவுல போற கோடு எஃப். அங்கேர்ந்துதான் எண்ணணும்."

"அப்போ நான் சரியாத்தான் பாடினேனா?"

"இந்த ஒரு தடவை."

கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்ததும் தலைவர் ஆர்கன் அருகே வந்தார். பாராட்டவில்லை. "அடுத்த ஞாயித்துக்கெழமை பாட்டு நம்பரை எழுதிக்கோம்மா" என்றார். விரல்கள் மரத்துப்போகும் வரை, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக, அந்த இருக்கை அக்காவுடையதாகவே இருந்தது.

சிரித்த அந்த பிரதர்தான் பின்னர் எங்கள் அத்தானானார். அக்கா படுக்கையில் இருந்தபோது வேளை தவறாமல் சோறு ஊட்டியவரும் அவரே. அவருக்கும், மருத்துவர்களுக்கும், இரவு பகல் பாராமல் துணையிருந்த அண்டை வீட்டாருக்கும், ஜெபித்த சபையாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அடக்க ஆராதனையில் ஆர்கன் வாசித்த இளம்பெண்ணுக்கும் நன்றி. அவரை ஆர்கனில் அமர்த்தியபோது, பார்க்கலாம் என்று யாரும் கெடு வைக்கவில்லை.