அழாத பிள்ளை

வடக்கனந்தலில் பிரசவம் பார்த்துவந்த லூர்துமேரி, யார் பாராட்டினாலும் "நான் ஒண்ணுமில்லீங்க" என்பாள். இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெங்கும் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்த நாளில், பக்கத்து வீட்டு விஜயலட்சுமியின் பிள்ளை கால் முன்னே வந்தது. அப்படி வந்த பிள்ளைகளை முன்பும் எடுத்த கைதான். ஆனாலும், "நான் இன்னா டாக்டரா? ஆண்டவர் வழி வுடுவாரு" என்று ஜெபமாலையை உருட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மரங்களைத் தாண்டி டாக்டர் வருவதற்குள் பிள்ளை போய்விட்டது.

ஆறுதல் சொல்ல வந்த பங்குச் சாமியார், "உன் தாழ்மை ஆண்டவருக்குத் தெரியும்மா" என்றார்.

"தாழ்மை இல்லீங்க சாமி. கெட்ட பேர் வந்துடுமேன்னு பயம்."

பிறகும் பிரசவம் பார்த்தாள். "கை உன்னுது ஆண்டவரே" என்று சிலுவை போட்டுக்கொண்டு தயங்காமல் இறங்குவாள். குழந்தை வீறிட்டதும் எல்லோரும் சிரிப்பார்கள். அவள் மட்டும் இன்னொரு அழுகைக்குக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள்.