சிவப்பும் பச்சையும்

பிறந்ததிலிருந்து எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். தொண்ணூறுகளில் மொன்றியலில் நான் வேலை செய்த கணினி அலுவலகத்தில் இதை வாய்விட்டுச் சொன்னதுதான் பிழையாகப் போயிற்று.

கூட வேலை செய்த யாழ்ப்பாணத்துப் பெடியன் ஒருவன், திரையில் கட்டளை தட்டும் வரியின் தொடக்கத்தில் வரும் குறிக்கு நிறம் கொடுத்திருந்தான். வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் கணினி என்றால் சிவப்பு, சோதனைக் கணினி என்றால் பச்சை. எனக்கு இரண்டும் சேற்று நிறம்.

"கணினியின்ரை பேரையும் சேர்த்துப் போடு தம்பி" என்றேன்.

"வடிவாய் இராது அண்ணை" என்றான்.

அத்தோடு விட்டானா? மெத்ரோ ரயிலில் கண்டாலும் யாரோ ஒருவரின் கம்பளித் தொப்பியைக் காட்டி, "அண்ணை, இது என்ன கலர்?" என்பான். கூட வந்தவர்கள் சிரிப்பார்கள். கால் ஏலாதவனை யாரும் ஓடிக் காட்டச் சொல்வதில்லை. என்னை மட்டும் கேட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் அவன் சோதனைக் கணினியை நிறுத்த இயந்திர அறைக்குப் போனான். அங்கே இரண்டு கணினிகளுக்கும் பொதுவாக இருந்த பழைய திரை, எல்லா எழுத்தையும் ஒரே மஞ்சளில்தான் காட்டும். அவன் நிறுத்தியது வாடிக்கையாளர்களின் கணினியை. அலுவலகத்தில் எல்லாத் தொலைபேசிகளும் அடிக்கத் தொடங்கின. நான் இயந்திர அறைக்கு ஓடினேன்.

"கலர் தெரியேல்லை அண்ணை. என்னெண்டு நான் கண்டுபிடிக்கிறது?" என்றான், அழாக்குறையாக.

எனக்கு இரக்கம் வரவில்லை. திரையை அவன் பக்கம் திருப்பினேன்.

"தம்பி, இது என்ன கலர்?"