புனிதா வீட்டு சர்வர்

ஈப்போவுக்குப் பக்கத்தில், சிம்பாங் பூலாயில் ஒரு சுண்ணாம்புக் கல் குவாரியின் எடைமேடையில் புனிதாவுக்கு வேலை. லோரி ஏறும், எடை விழும், பொத்தானை அழுத்துவாள், லோரி இறங்கும். வீடு திரும்பும்போது கண்ணிமையில்கூட வெள்ளைத் தூசி ஒட்டியிருக்கும். குளித்துவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்தால், திரையில் கணவன் மகேந்திரன் குதிரையோடு காத்திருப்பான்.

அவன் சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் வெல்டர். திரையில் இருவரும் விளையாடியது, கட்டைகளை அடுக்கி வீடு, பாலம், வயல் என்று ஓர் உலகத்தையே கட்டுகிற விளையாட்டு. தூரத்தில் இருந்தாலும் அதிலாவது சேர்ந்திருக்கலாமே என்று, ஒரு விடுமுறையில் வந்தபோது பழைய கணினி ஒன்றை சர்வராக மாற்றி ஹாலில் ஓட விட்டுப் போயிருந்தான். அவனுடைய அறைத் தோழர்களும் அதில் வந்து விளையாடினார்கள்.

குதிரையை வேகமாக விட்டால் எதிரே தரை வராது. வெறும் வானம்தான் தெரியும். சர்வர் உலகத்தைச் சேமிக்கும்போதெல்லாம் எல்லோரும் நின்ற இடத்திலேயே உறைந்துபோவார்கள். செய்ய ஒன்றுமில்லாததால் அப்போது பேச்சு வரும்.

"மறுபடியும் நின்னுருச்சா? சரி, என்ன சமைச்ச?"

"சமைக்கலங்க. கடையில மீ தாப்பாவ் கட்டி வாங்கிட்டு வந்தேன்."

"அங்க மழையா? சத்தம் கேக்குது."

"வெளுத்து வாங்குது."

அதற்குள் தரை வந்துவிடும். கிளம்பிவிடுவார்கள்.

அறைத் தோழன் பத்துமலைதான் முதலில் சலித்துக்கொண்டான். "அக்கா, பழைய டிஸ்க்க எடுத்துட்டு எஸ்எஸ்டி மாத்துங்கக்கா. நின்னு நின்னு போனா எப்படி வெளாடறது?" மகேந்திரனும் மாற்றச் சொன்னான்.

சனிக்கிழமை கணினியைக் காரின் பின் சீட்டில் வைத்து, ஈப்போவில் கடை வைத்திருக்கும் சுகுமாரனிடம் கொண்டுபோனாள்.

"கேம் சர்வருக்கு எஸ்எஸ்டி போட்டா பிரயோஜனம் இருக்கா?"

"எங்க மாட்டுதுன்னு பாக்கணும் சிஸ்டர். ஆளு கூடக் கூட இழுத்தா அது ப்ராசஸர். எஸ்எஸ்டி போட்டாலும் வேஸ்ட்டுலா. புது இடம் லேட்டா வருது, சேவ் ஆகுறப்ப நிக்குதுன்னா, அது இந்த பழைய டிஸ்க்கு. உள்ள தட்டு சுத்தி, தேடி எடுக்கணும். எஸ்எஸ்டியில சுத்துறதே கிடையாது."

"நிக்கிறதுதான் தொல்லை."

"அப்ப தாராளமா போடலாம்."

அன்று மாலை குதிரைகள் பறந்தன. காடு, ஆறு, பனிமலை எல்லாம் கண் சிமிட்டுவதற்குள் வந்து விழுந்தன. "பாத்தியா ஸ்பீடு!" என்று மகேந்திரன் கத்தினான். புனிதாவும் சிரித்தாள்.

அடுத்து வந்த மாலைகளில் எங்கும் நிற்க வேண்டியிருக்கவில்லை. "இந்தப் பக்கம் வா", "கல்லு கொண்டா" என்பதோடு பொழுது கழிந்தது. என்ன சமைத்தாய் என்று அவன் கேட்டுப் பல நாளாயிற்று என்பது, ஒரு நாள் எடைமேடையில் லோரிக்குக் காத்திருந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது.

அன்று அவளே குதிரையை நிறுத்தினாள்.

"ஏதாவது பேசுங்களேன்."

"என்னத்த பேச?" பிறகு அவனே சொன்னான். "புனிதா, நான் இங்கயே நிரந்தரமா தங்க பிஆர் போடலாம்னு இருக்கேன்."

"எனக்கும் சேர்த்தா?"

பதில் இல்லை. சர்வர் நின்றுவிட்டதோ என்று திரையைப் பார்த்தாள். பந்தத்தில் தீ ஆடிக்கொண்டிருந்தது. வயலோரம் ஒரு மாடு தலையைத் திருப்பியது. எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"அங்க உங்களுக்குன்னு யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டாள்.

"ம்," என்றான்.

தீபாவளிக்கு வந்தவன் ஹாலில் பாய் போட்டுப் படுத்தான். மறுநாள் வீட்டில் இருந்த தன் சட்டைகளையெல்லாம் பெட்டியில் எடுத்து வைத்தான். காலர் கசங்காமல் மடிக்க அவனுக்கு வராது. அவளே வாங்கி மடித்துக் கொடுத்தாள். கோபம் வந்திருக்க வேண்டும் என்று மடித்துக்கொண்டிருக்கும்போதே தோன்றியது. யாருடைய வீட்டிலோ யாருடைய துணியையோ மடிப்பது போலத்தான் இருந்தது. வாசலில் "வரேன்" என்றான். "சரிங்க" என்றாள்.

பிறகு அவன் விளையாட வரவே இல்லை. பத்துமலை மட்டும் தயங்கித் தயங்கிக் கேட்டான். "அக்கா, சர்வர ஆஃப் பண்ணிருவீங்களா? வேல முடிஞ்சு வந்தா எங்களுக்கு இதுதான்க்கா இருக்கு."

"ஓடட்டும் தம்பி. அது பாட்டுக்கு ஓடட்டும்."

அழுகை வரும் என்று சில நாள் எதிர்பார்த்தாள். வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சுங்காயில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகத் தொடங்கினாள். அங்கே அக்கா எதையாவது பேசிக்கொண்டே இருப்பாள். புனிதா சோபாவில் சாய்ந்து, கேட்டபடியே தூங்கிப்போவாள்.