சொட்டும் ஷவருக்கு ஒரு விதிவிலக்கு

அரசுக் குடியிருப்பில் குழாய்ச் சாதனம் பழுதானால், எழுதிக் கொடுத்த ஒரு வாரத்துக்குள் பராமரிக்கும் துறை அதைச் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் குடியிருப்பவர் தாமே மாற்றிக்கொள்ளலாம். ஆனால் புதியது பழையதைப் போலவே, அதே வகையில், அதே அளவில் இருக்க வேண்டும். கழற்றிய பழையதைத் துறையிடம் ஒப்படைக்க வேண்டும். இந்த விதியை நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை. இதற்கு விளக்கம் எழுதும் பிரிவில்தான் பல வருடம் உட்கார்ந்திருந்தேன்.

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு குடியிருப்பின் மாடியில் இருந்தோம். நான்கு வீடுகளுக்கு மொட்டைமாடியில் ஒரே தொட்டி. முனிசிபல் தண்ணீர் மாலையில் ஏறும். மறுநாள் மாலை வரை அதுதான் எல்லாருக்கும். கிணறு இருந்தது. கடல் பக்கத்தில் இருந்ததால் அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது.

எங்கள் குளியலறை ஷவர் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம். அதுவும் அதைத் திறக்கும் திருகும் ஒரே வார்ப்பு. திருகு தேய்ந்துபோய், மூடினாலும் சொட்டியது. முதலில் சொட்டு, பிறகு நூல் மாதிரி ஒழுக்கு. தனியாக அடைக்க வால்வு கிடையாது. வாளி வைத்துப் பிடித்தோம். வாளிகள் நிறைந்தன, அண்டா நிறைந்தது. விடியும்போது தொட்டி காலியாக இருந்தது.

கீழ் வீட்டுச் சேச்சி மூன்று தலைமுறையாகக் கொச்சியில் இருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பெண்; பேச்சில் பாதி மலையாளம், தண்ணீரை வெள்ளம் என்பாள். என் மனைவிக்கு இடக்கொச்சியில் ஆசிரியை வேலை, அதுவும் தற்காலிகம். அவள் காலை பஸ்ஸைப் பிடித்துப் போய் மாலையில் திரும்பும்வரை எங்கள் இரண்டு வயது மகளைப் பார்த்துக்கொண்டது சேச்சிதான். சேச்சி இல்லாவிட்டால் அந்த வேலை இல்லை.

மனைவி தினமும் காலையில் இரண்டு வாளித் தண்ணீரைக் கீழே சுமந்து கொடுத்தாள். நியாயமான ஏற்பாடு என்று நான் நினைத்திருந்தேன். சில நாள் சேச்சி வாங்கிக்கொண்டாள். பிறகு ஒருநாள் வாளியை வாசற்படியிலேயே நிறுத்தினாள்.

"எங்க வெள்ளத்தை எங்களுக்கே தானமா கொண்டு வர்றீங்களா டீச்சரே?"

நான் படியில் நின்றிருந்தேன். "ஆபீசுக்கு எழுதியிருக்கேன்" என்றேன்.

"எழுதினா சொட்டு நிக்குமோ சாரே?"

"விதிப்படி ஒரு வாரம்."

"எந்த வாரம்னு எழுதியிருக்கா?"

மனைவி சிரிப்பை அடக்கியதைப் பார்த்தேன். அடுத்துச் சேச்சி சொன்னதில் அவளுக்கும் சிரிப்பு போய்விட்டது. "பிள்ளையை நோக்கிக்க எனக்குப் புத்திமுட்டு ஒண்ணுமில்லை. ஆனா வெள்ளமில்லாம அதை எப்படிக் கழுவ? கிறிஸ்மஸ் அவதி கழிஞ்சு ஸ்கூல் திறக்கிறப்போ வேற ஆளை நோக்குங்க டீச்சரே."

விடுமுறை முடிவதற்குள் அமர்த்த வேறு ஆள் கிடையாது. எங்கள் மூவருக்குமே அது தெரியும்.

என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. ஏணியில் ஏறித் தொட்டிக்குள் எட்டிப் பார்ப்பேன். இறங்கி வாளியை மாற்றுவேன். தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் நிற்பேன். ஒரு வாரம் கடந்திருந்தது. விதியின் இரண்டாம் பகுதி எனக்குத் திறந்துவிட்டது என்று சொல்லி, மனைவியையும் கூட்டிக்கொண்டு பஜார் தெருவுக்குப் போனேன்.

கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். சுவரில் உயரமாக ஒரு டிரம் தொங்கவிட்டு, கேட்ட ஷவரை அதில் மாட்டி ஓடவிட்டுக் காட்டுவார். முதலில் எங்கள் வீட்டிலிருப்பதைப் போன்ற தட்டு. டிரம்மில் பாதி போய்விட்டது. அடுத்தது உள்ளங்கையளவு, சில துளைகள் மட்டும். மனைவி கையை நீட்டிப் பார்த்தாள்.

"தலையில தேய்ச்ச சீயக்காய் போகுமா?"

"கொஞ்சம் கூடுதல் நேரம் நிக்கணும், அவ்வளவுதான்" என்றார் கடைக்காரர்.

"நின்னா என் பஸ் போயிரும். மிச்சம் பிடிச்ச தண்ணியும் போயிரும்."

மூன்றாவது அதே சிறிய அளவு. துளைகள் ஊசி முனை மாதிரி, நெருக்கமாக. தண்ணீர் குறைவு, ஆனால் உறைக்கும்படி விழுந்தது. திருகு தனி. தேய்ந்தால் அதை மட்டும் மாற்றலாம். மனைவி இதுதான் என்றாள். நான் பையிலிருந்து ஸ்கேலை எடுத்து அளந்தேன்.

"அளவு ஒத்துவரலையே."

"அளவு ஒத்துவர்றது அந்தப் பழசுதான். அதையே மாட்டுறதுக்கு நாம ஏன் கடைக்கு வந்தோம்?"

வாங்கினோம். ஆனால் நான் அதை மாட்டவில்லை. வகையும் அளவும் மாறுவதால் விதிவிலக்கு கேட்டு எழுதினேன். மூன்று பத்தி, நல்ல கடிதம். புது ஷவர் காகிதச் சுற்றோடு அலமாரியில் இருந்தது. பழையது ஒழுகிக்கொண்டே இருந்தது. கீழ் வீட்டுக் கதவு, மனைவி இறங்கும் சத்தம் கேட்டால் மூடிக்கொண்டது.

விடுமுறையின் கடைசி சனிக்கிழமை, கோப்பு எங்கே நிற்கிறது என்று பார்க்கத் துறை அலுவலகத்துக்குப் போனேன். எங்கும் நிற்கவில்லை, இன்னும் புறப்படவே இல்லை. வீடு திரும்பியபோது குளியலறையில் புதுசு மாட்டியிருந்தது. பள்ளுருத்தியிலிருந்து ஒரு பிளம்பரை மனைவி வரவழைத்திருந்தாள். சேச்சி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அடியில் கையை நீட்டி ஒழுகுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒழுகவில்லை.

மனைவி பழையதை நியூஸ் பேப்பரில் சுற்றி என்னிடம் தந்தாள். "திருப்பிக் கொடுக்கணும்னு விதியில இருக்கில்ல? அதை நீங்க பாருங்க."

துறை ஸ்டோரில் வாங்க மறுத்துவிட்டார்கள். அனுமதி எண் இல்லாமல் எந்தப் பழைய பொருளையும் உள்ளே எடுக்க முடியாதாம். அவர்கள் சொன்னது சரி. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அது எங்கள் பீரோவின் மேல் ஏறி உட்கார்ந்தது.

பள்ளி திறந்த அன்று சேச்சி படியேறி வந்து மகளைத் தூக்கிக்கொண்டாள். "வெள்ளம் வந்தாச்சு சாரே. ஒரு வாரம் ஆயோ?" மனைவி பஸ்ஸைப் பிடித்தாள். அதற்குப் பிறகு அந்த பஸ்ஸை அவள் தவறவிடவில்லை. பின்னால் அவளை நிரந்தரமாக்கினார்கள்.

நான் வருடந்தோறும் நினைவூட்டல் அனுப்பினேன். எண்பதுகளின் நடுவில் ஓய்வு பெற்று, வீட்டைக் காலி செய்ய வேண்டி வந்தது. பார்வையிட வந்த அதிகாரி குளியலறையில் நிமிர்ந்து பார்த்து, "இது எங்க ஷவர் இல்லையே" என்றார். தடையில்லாச் சான்று வேண்டுமென்றால் பழையது திரும்ப வேண்டும். பீரோ மேலிருந்து அதை இறக்கி, தூசி தட்டி, மாட்ட வைத்தேன். எடுத்த எடுப்பிலேயே சொட்டியது. அதிகாரி திருப்தியோடு கையெழுத்திட்டார்.

சாமான்களை வண்டியில் ஏற்றும்போது சேச்சி ஒரு பழுப்பு உறையோடு வந்தாள். அலுவலகப் பியூன் கீழேயே கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

"சாரே, உங்க வாரம் வந்தாச்சு."

கேட்ட விதிவிலக்கு வழங்கப்பட்டிருந்தது. மேலே குளியலறையில் யாரும் வாளி வைக்கவில்லை. சத்தம் படிவரைக்கும் கேட்டது. சேச்சி மேலே பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கோடை விடுமுறைக்குப் பள்ளி மூடும் நாளென்று மனைவி இடக்கொச்சிக்குப் போயிருந்தாள். அன்று மார்ச் முப்பத்தொன்று, ஆபீசில் நிலுவைக் கோப்புகளை முடித்துக் கட்டும் நாள்.