ஷேக் நானா சொல்லி நாங்கள் போன தீவு

பூலாவ் அங்சாவுக்கு எப்படிப் போவது, அங்கே என்ன பார்க்கலாம் என்று இந்த வலைப்பூவை வாசிக்கிற மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டுவிட்டார்கள். கோலசிலாங்கூர் பற்றி முன்பு எழுதிய ஒரு குறிப்பில் அந்தத் தீவின் பெயரைப் போகிற போக்கில் சொல்லியிருந்தேன். அதனால் வந்த வினை. நான் அங்கே போனது ஒரே ஒரு முறை, 1986 ஆகஸ்டில், என் மனைவி சரோஜாவுடன். கட்டணமும் பேருந்து நேரமும் இன்று மாறியிருக்கும். இருந்தாலும் எழுதுகிறேன். இது சந்தோஷமான பயணம் இல்லை என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்கு முப்பது வயது. ராவாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கிராணி வேலை, சரக்குக் கணக்கு எழுதுவது. அந்த வருடம் மார்ச்சில் எங்களுக்கு முதல் குழந்தை பிறந்தது. பெண். ஒரு நாள்கூட முழுதாக இருக்கவில்லை. சரோஜாவுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை; ஆறு நாள் மருத்துவமனையில் நினைவு வருவதும் போவதுமாகக் கிடந்தாள். வீட்டுக்கு வந்த பிறகு சமைத்தாள், துவைத்தாள், கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தாள். பேச்சு மட்டும் நின்றுபோயிருந்தது. ஐந்து மாதம் அப்படியே ஓடியது. "கடல் பக்கம் கூட்டிட்டுப் போ லா, எடம் மாறுனா கொஞ்சம் தெளிஞ்சிருவா" என்று கூட வேலை பார்த்தவர் சொன்னார். நாலு நாள் லீவு போட்டேன்.

ராவாங்கிலிருந்து காலை ஏழரைப் பேருந்தில் பத்தாங் பெர்ஜுந்தை, அங்கே மாறி கோலசிலாங்கூர். மொத்தம் சுமார் ஐம்பது கிலோமீட்டர், ஆளுக்கு இரண்டு வெள்ளி எண்பது காசு. காத்திருந்த நேரத்தையும் சேர்த்தால் மூன்று மணி நேரம். பத்தாங் பெர்ஜுந்தையைத் தாண்டியதும் நான் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்தின் முகப்பு வரும். சரோஜா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். முகப்பு வந்ததும் கழுத்தைத் திருப்பி, அது மறைகிற வரை பார்த்தாள். நான் டிக்கெட்டை மடித்துக்கொண்டிருந்தேன்.

தங்கியது ஷேக் நானாவின் சாப்பாட்டுக் கடை மாடியில். இரண்டு அறை வைத்திருந்தார், நாளுக்குப் பதினெட்டு வெள்ளி, காலைப் பசியாறல் அதில் சேர்த்தி. நாகூர்க்காரர், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். விருந்தாளிகள் எங்கே போக வேண்டும், எத்தனை மணிக்குப் போக வேண்டும், எதை வாயில் வைக்கக் கூடாது என்பதையெல்லாம் அவரே முடிவு செய்துவிடுவார். நாங்கள் பையை இறக்குவதற்குள் நாட்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கம் எழுத ஆரம்பித்துவிட்டார்.

"இன்னக்கி சாயங்காலம் மலைக்குப் போங்க. குரங்கு இருக்கு, கடிக்காது. நாளக்கி தீவு. பூலாவ் அங்சா. அதப் பாக்காம போனா கோலசிலாங்கூருக்கு வந்ததாவே கணக்கில்ல தம்பி. முன்னாடி ஒரு தோட்டத்துத் தொரை இருந்தாரு, ஸ்காட்லாந்துல ஏதோ தீவுலேர்ந்து வந்தவரு. லீவு கெடச்சா அங்கதான் போய் உக்காந்திருப்பாராம். எங்க ஊரு மாதிரியே இருக்குன்னு சொல்வாராம்."

"அங்க என்ன இருக்கு நானா?" என்றேன்.

"என்ன இருக்கா? கடல் இருக்கு, வெளக்கு இருக்கு, காத்து இருக்கு. மனுசனுக்கு வேற என்ன வேணும்?" பிறகு சரோஜாவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, தொப்பி எடுத்துக்கங்க. தண்ணி ரெண்டு போத்தல். பன்னெண்டு மணிக்கு மேல ஒரு நிமிசம்கூட இருக்கப்படாது. ஆத்து வாயில தண்ணி எறங்கிரும், போட் சேத்துல ஒக்காந்துரும்."

அவர் சொன்னபடி அன்று நாலரை மணிக்கு மலை ஏறினோம். ஏற்றம் லேசானதுதான், இருபது நிமிடம். மேலே பழைய பீரங்கிகள், கலங்கரை விளக்கம், கீழே சதுப்பு நிலக் காடு, அதற்கப்பால் கடல். குரங்குகள் சாம்பல் நிறம். ஆனால் அவற்றின் குட்டிகள் நல்ல ஆரஞ்சு நிறத்தில் பிறக்கும். இதை ஷேக் நானா சொல்லவில்லை. ஒரு தாய்க்குரங்கு எங்களுக்கு நாலடி தள்ளி உட்கார்ந்து, குட்டியை மார்போடு அணைத்து அதன் தலையைக் கோதிக்கொண்டிருந்தது. சரோஜாவை அங்கிருந்து கூட்டிக்கொண்டு போய்விட நினைத்தேன். அவள் அசையவில்லை.

"அது செத்துப் போச்சுன்னா, அம்மாக்காரி என்னங்க செய்யும்?" என்றாள்.

ஐந்து மாதத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. தெரியவில்லை என்றேன். ஒரு கேள்வியாவது கேட்டாளே என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். அடுத்த கேள்வி எதுவாக இருக்கும் என்று யோசிக்கிற அறிவு எனக்கு அப்போது இல்லை.

மறுநாள் எட்டரைக்குப் படகு. படகோட்டி பாக் மான் என்கிற மலாய்க்காரர், ஷேக் நானாவின் ஏற்பாடு. போய் வர நாற்பது வெள்ளி. ஆற்று முகத்தைத் தாண்டியதும் தண்ணீரின் நிறம் தேநீரிலிருந்து பச்சைக்கு மாறும். ஒரு மணி நேரத்தில் தீவு. தீவு என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். கறுத்த பாறைகள், கொஞ்சம் மரம், ஒரு வெள்ளை விளக்குக் கோபுரம், கதவில் பூட்டு. எங்களை இறக்கிவிட்டு, படகைக் கொஞ்சம் தள்ளிக் கட்டிப்போட்டு பாக் மான் தூண்டில் போட்டார். சுற்றிப் பார்க்க பதினைந்து நிமிடம் போதும். காற்று மட்டும் ஷேக் நானா சொன்ன மாதிரியே இருந்தது.

பாறை ஓரம் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு வந்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தேன். சரோஜா அதைத் தொடவில்லை.

"நாளக்கழிச்சு வீட்டுக்குப் போறப்ப தோட்டத்துல எறங்கணும்" என்றாள். "பாப்பாவ வெச்ச எடத்த நான் பாக்கணும். கொய்யா மரத்துக்குப் பக்கத்துலன்னு சொன்னீங்கல்ல."

சொல்லியிருந்தேன். மருத்துவமனையில் அவளுக்கு முழு நினைவு வந்த அன்று சொன்னேன். தோட்டத்துக்கு நானே எடுத்துக்கொண்டு போனதாகவும், என் கையாலேயே மண்ணில் வைத்ததாகவும், பக்கத்தில் ஒரு கொய்யா மரம் இருந்ததாகவும். எல்லாம் பொய். தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கிற மண்டோராக இருந்த என் சித்தப்பா மருத்துவமனைக்கு வந்திருந்தார். வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்ததை அவர் கையில் கொடுத்துவிட்டு, எதிரே இருந்த காப்பிக் கடையில் போய் உட்கார்ந்துகொண்டேன். சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். துணியை விலக்கி முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பார்த்தால் வாழ்நாள் முழுக்கக் கண்ணில் நிற்கும் என்று பயம்.

அந்தப் பாறையில் வைத்து இதையெல்லாம் சொன்னேன். இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். சித்தப்பாவிடம் முன்கூட்டியே பேசி ஒரு கொய்யா மரத்தைக்கூட ஏற்பாடு செய்திருக்கலாம். ஏனோ மனசு வரவில்லை.

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. எழுந்து, பாறையின் மறுபக்கம் போய், எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். பன்னிரண்டு ஆனது. பாக் மான் கை காட்டினார். கூப்பிட்டேன்.

"நீங்க போங்க. நான் வரல."

"சரோஜா, தண்ணி எறங்குது."

"எறங்கட்டும். அஞ்சு மாசமா கண்ண மூடுனா அந்த மரத்தத்தாங்க பாத்துக்கிட்டு இருந்தேன். இல்லாத மரம்."

ஒரு மணி ஆனது. ஒன்றரை ஆனது. தொட்டுத் தூக்க எனக்குத் தைரியம் இல்லை. கடைசியில் பாக் மான் தண்ணீரில் இறங்கி நடந்து வந்தார். அவள் பக்கத்தில் போகாமல், பத்தடி தள்ளி நின்று மலாயில் சொன்னார்: "அக்கா, உங்கள விட்டுட்டு நான் போக மாட்டேன். நீங்க இருந்தா நானும் இருக்கணும். வீட்டுல என் பொண்டாட்டி பயந்துருவா." அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு எழுந்து வந்து படகில் ஏறினாள். முகம் தெரியாத அவர் மனைவிக்காக ஏறினாள், எனக்காக இல்லை.

ஷேக் நானா எச்சரித்தபடியே நடந்தது. இரண்டே முக்கால் மணிக்கு ஆற்று முகத்தில் படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. கிட்டத்தட்ட இரண்டரை மணி நேரம் உச்சி வெயிலின் மிச்சத்தில் மூன்று பேரும் அசையாமல் இருந்தோம். சுற்றிலும் சாம்பல் நிறச் சேறு, அதில் நண்டு பொந்துகள். என் தொப்பியை நீட்டினேன். வாங்கவில்லை. தண்ணீர்ப் போத்தலை வாங்கி, பாக் மானிடம் கொடுத்தாள்.

படகுத்துறையில் ஷேக் நானா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார். "பன்னெண்டுன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே தம்பி!" என்று கத்தினார். சரோஜாவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டார். அவள் மாடிக்குப் போனதும் மெதுவாகக் கேட்டார், "தீவு நல்லா இல்லயா?"

"நீங்க கடைசியா எப்ப போனீங்க நானா?"

"நான் எங்க போனேன்? எனக்குக் கடல்னா பயம். கப்பல்ல வந்ததோட சரி. வர்றவங்க சொல்றத நான் சொல்றேன்." சிரிக்காமல்தான் சொன்னார்.

ஒரு நாள் முன்னதாகவே, மறுநாள் காலையே கிளம்பிவிட்டோம். தோட்டத்து முகப்பு வந்ததும் பேருந்தில் மணியை அடித்தது அவள்தான். முகப்பிலிருந்து தொழிலாளர் வீடுகள் இருக்கிற லயத்துக்கு ஒன்றரை கிலோமீட்டர் செம்மண் பாதை. பாதி வழியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. ரப்பர் மரங்கள் இல்லை. மே மாதமே வெட்டிவிட்டு, எண்ணெய்க்கான செம்பனைக் கன்று நட்டிருந்தார்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் இடுப்பளவுக் கன்றுகள், ஒரே மாதிரி, ஒரே இடைவெளியில்.

சித்தப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு நடந்தார். ஓர் இடத்தில் நின்று, முன்னால் போய், திரும்பி வந்து, மறுபடியும் நின்றார்.

"இந்த நாலு வரிசைக்குள்ளதாம்மா" என்றார். "கல்லு வெச்சுத்தான் அடையாளம் பண்ணுனேன். புல்டோசர் வந்து எல்லாத்தையும் ஒரே மட்டமா தள்ளிருச்சு. நா வேலைக்கு வந்து பாக்குறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. மன்னிச்சிரும்மா."

"நீங்க எதுக்கு மாமா மன்னிப்பு கேக்குறீங்க?" என்றாள் சரோஜா. நாலு வரிசைக்குள் நடந்தாள். ஒவ்வொரு கன்றுக்கும் இடையில் நின்று நின்று நடந்தாள். எங்கேயும் உட்காரவில்லை. எங்கே உட்காருவது என்று தெரிந்தால்தானே.

லயத்தில் சின்னம்மா காப்பி கலக்கிக் கொடுத்தார். சரோஜா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள், "அத்த, நீங்களாவது மொகத்தப் பாத்தீங்களா?"

"பாத்தேன்டி. பாக்காம எப்படி மண்ணுல வெக்கிறது? குளிப்பாட்டி, வாயில ஒரு சொட்டுப் பால் வெச்சு, பொட்டும் வெச்சுத்தான் அனுப்புனேன். காது ரெண்டுலயும் பூன முடி, மெத்து மெத்துன்னு. நெத்தி ஒன்னோடது."

காதில் முடி, சரோஜாவின் நெற்றி. என் மகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான், அதுவும் அன்று பக்கத்தில் நின்று கேட்டதால். சரோஜா சின்னம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்து அழுதாள். அவ்வளவு சத்தமாக ஒருவர் அழுது நான் கேட்டதில்லை. நான் வெளியே வந்து சித்தப்பாவோடு நின்றேன். மறுபடியும் வெளியேதான் வந்தேன்.

அன்றே அவள் கலும்பாங்கில் இருந்த தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

தீவுக்குப் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். நீர் ஏற்ற இறக்க நேரத்தை முந்தின நாளே படகுத்துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். தங்கும் வீட்டுக்காரர் சொல்வதைக் கேளுங்கள், ஆனால் அவர் நேரில் போயிருக்கிறாரா என்றும் கேளுங்கள். நிழல் குறைவு, தண்ணீர் கிடைக்காது, பாறை வழுக்கும், ரப்பர் செருப்பு வேண்டாம். மலைக்குச் சாயங்காலம் போனால் குரங்குகளைப் பக்கத்தில் பார்க்கலாம், ஆனால் யாரோடு போகிறீர்கள் என்பதை யோசித்துக்கொண்டு போங்கள். சொல்ல வேண்டியது ஏதாவது மிச்சம் இருந்தால், பயணம் கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். இடம் மாறினால் மனசு தெளியும் என்பதை நான் நம்புவதில்லை.

கலும்பாங்குக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் போனேன். ராவாங்கிலிருந்து ஒன்றரை மணி நேரம். சரோஜா தேநீர் கொண்டுவந்து வைப்பாள், உள்ளே போய்விடுவாள். அவள் அக்கா என்னோடு வானிலையைப் பற்றிப் பேசுவார். நாலு மாதம் இப்படிப் போனது. டிசம்பரில் ஒரு ஞாயிறு, நான் கிளம்பும்போது அவளும் பையோடு வாசலுக்கு வந்தாள். பேருந்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். ராவாங்கில் இறங்கியதும் பையை வாங்கக் கை நீட்டினேன். அவள் அதைத் தன் தோளிலேயே மாட்டிக்கொண்டு, எனக்கு முன்னால் நடந்து போனாள்.