மாமியார் வீட்டைச் சோதித்த கதை

அறுபதுகளின் தொடக்கத்தில், திருமயத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் தனியாக இருந்த என் மாமியார் வீட்டுக்குள்ளேயே விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டார். அடுப்படி ஈரம் வழுக்கிவிட்டது என்று எல்லாரிடமும் சொன்னார். நான் அப்போதுதான் பஸ்ஸைவிட்டு இறங்கி அந்த வீட்டு வாசலில் நின்று குரல் கொடுத்திருந்தேன். உள்ளே தடால் என்று சத்தம். பதறிப்போய் என் மனைவியைக் கூப்பிட்டேன். அவள் பன்னிரண்டு மைல் தள்ளிப் புதுக்கோட்டையில் இருந்தாள். ஆபத்து நேரத்தில் நான் எவ்வளவு உதவுவேன் என்பதற்கு இது போதும்.

மாவுக்கட்டைப் பிரித்த அன்று டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். இன்னொரு தரம் விழுந்தால் படுக்கைதான். ஒன்று, மகள் வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் தடுக்கிவிடும் சாமான் எதுவும் இல்லாதபடி அந்த வீட்டைச் சரிசெய்யுங்கள். அந்தப் பக்கம் போகும் நர்ஸம்மா வந்து பார்த்துச் சொல்லட்டும்.

மாமியார் அழுதது அன்றைக்குத்தான். விழுந்ததற்குக்கூட அழாதவர்.

"பொண்ணைக் குடுத்த வீட்ல போயி எத்தனை நாளைக்குத்தா சோறு திங்கிறது?" என்று என் மனைவியிடம் கேட்டாராம்.

என்னிடம் கேட்கவில்லை. கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் அவர் என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் நுழைந்தால் எழுந்துவிடுவார். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கதவுக்குப் பின்னால் பாதி மறைந்து நிற்பார். 'மாப்பிள்ளைக்கு ரசம் வேணுமான்னு கேளு' என்பது என் மனைவி வழியாகத்தான் வந்து சேரும்.

நான் சர்வே ஆபீஸ் கிளார்க். நோட்டும் டேப்பும் எடுத்துக்கொண்டு வீட்டைச் சோதிக்கக் கிளம்பினேன். அடுப்படி நிலைப்படி ஒரு சாண் உயரம். கண்ணுக்குத் தெரியும்படி சுண்ணாம்பு அடித்தேன். தலைக்கு மேலிருந்த பானைகளை இறக்கித் தரையில் வைத்தேன். கிணற்றடியில் துவைக்கிற கல்லில் பாசி. இதில் கால் வைத்தால் என்ன ஆகும் என்று மனைவிக்கு விளக்குவதற்காகக் கால் வைத்தேன். என்ன ஆகும் என்று அவளுக்கு நன்றாகவே விளங்கியது. பிறகு, பிடித்துக்கொண்டு நடப்பதற்காகக் கட்டிலிலிருந்து கொல்லைக்கதவு வரை ஒரு கயிறு கட்டினேன். என் உயரத்துக்குக் கட்டிவிட்டேன் போலிருக்கிறது. மறுநாள் அதில் சேலை காய்ந்தது. அவிழ்த்து அவர் இடுப்பளவுக்குக் கட்டினேன்.

நோட்டில் மொத்தம் பதினாலு ஆபத்துகள். ஆனால் அவர் எப்படி நடக்கிறார் என்பதை மட்டும் நான் பார்க்கவில்லை. மாப்பிள்ளைக்கு எதிரே அவர் நடக்க மாட்டார்.

நர்ஸம்மா வந்த அன்றும் அதே காரணத்துக்காக நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். மாமியார் நிலைப்படியைத் தாண்டினார், கயிற்றைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்குப் போனார், தண்ணீர் மொண்டார், திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார் என்று பிறகு என் மனைவி சொன்னாள். நர்ஸம்மாவுக்குத் திருப்தி. என்னைக் கூப்பிட்டார்கள்.

பரிசு வாங்கப் போகிறவன்போல நோட்டோடு உள்ளே போனேன். மாமியார் விருட்டென்று எழுந்தார். ஒரு கை முந்தானைக்குப் போக, கால் மடங்கியது. நர்ஸம்மா மட்டும் பிடித்திருக்காவிட்டால் அவ்வளவுதான்.

உட்கார வைத்துவிட்டு நர்ஸம்மா மெதுவாகக் கேட்டார்: "அன்னைக்கி விழுந்தப்பவும் இப்படித்தான் எந்திரிச்சீங்களா ஆத்தா?"

மாமியார் தரையைப் பார்த்தார். என் மனைவி என்னைப் பார்த்தாள். இத்தனை நாளும் பழியை ஈரத்தின்மேல் போட்டு, என்னைக் காப்பாற்றி வைத்திருந்திருக்கிறார்.

"எல்லாத்தையும் சரியாத்தான் ஒதுக்கி வச்சிருக்கீங்க சார்," என்றார் நர்ஸம்மா. "வழியில கெடக்குறது நீங்க ஒருத்தர்தான்."

உங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போனால் நாளைக்குப் பத்துத் தடவை எழுந்திருப்பார், இங்கேயே இருக்கட்டும், ஆனால் நீங்கள் வரும்போது எழுந்திருக்கக் கூடாது என்று நர்ஸம்மா முடித்துவிட்டார்.

"அவுக நிக்கயில நான் எப்படித்தா உக்காந்திருக்கிறது?" என்றார் மாமியார், மகளைப் பார்த்து.

நான் தரையில் உட்கார்ந்தேன். சாணி மெழுகி அதிக நேரம் ஆகவில்லை என்பது வேட்டிக்குத் தெரிந்தது.

"உக்காந்துட்டேன் அத்தை. இனிமே இந்த வீட்ல நான் நிக்கிறதா இல்லை."

அடுத்த மாதம் தனியாகப் போனேன். வாசலிலேயே உட்கார்ந்து, உட்கார்ந்துவிட்டதாகச் சத்தம் போட்டுச் சொல்லி, அப்படியே நகர்ந்து உள்ளே போனேன். தெருவில் போன ஒரு அம்மா, மாப்பிள்ளைக்கும் காலில் அடியா என்று விசாரித்தார்.

உள்ளே மாமியார் பெஞ்சில் இருந்தார். பலகையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தார். இடுப்பு ஒரு விரக்கடை எழும்பி, மறுபடி அமர்ந்தது. சொல்லி அனுப்ப அன்று மகள் இல்லை. சுவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எந்திரிக்காம இருக்கிறதுதான் மாப்பிள்ளை பெரிய வேலையா இருக்கு."

"செரமந்தான் அத்தை. இருங்க."

தண்ணீர்ப் பானையைப் பார்த்துவிட்டு, "தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார்.

நல்ல வெயிலில் வந்திருந்தேன், தொண்டை வறண்டிருந்தது. ஆமாம் என்றால் அவர் எழுந்திருக்க வேண்டும். நானே போய் எடுப்பதென்றால் நான் நிற்க வேண்டும்.

"தாகமில்லை அத்தை," என்றேன். பஸ் வரும்வரை இரண்டு பேரும் உட்கார்ந்தபடியே பேசிக்கொண்டிருந்தோம்.