துடைத்து வைத்த வீடு

மாடி வீட்டில் குழாய் உடைந்து எங்கள் வாடகை வீடு முழுக்கத் தண்ணீர். நல்லவேளை, சாமான்களுக்கு இன்சூரன்ஸ் போட்டிருந்தோம். சேதம் பார்க்க சர்வேயர் வருகிறார் என்றதும் என் மனைவி வீட்டைப் பளபளவென்று துடைத்து, மெத்தையைக் காயவைத்து, உறைகூட மாற்றிவிட்டாள்.

வந்தவர் செருப்பை வாசலில் ஜோடியாக ஒதுக்கி வைத்துவிட்டு உள்ளே சுற்றிப் பார்த்தார்.

"ஏனுங்க, சேதம் எங்கீங்க?"

"ஆளு வர்ற ஊட்டை எப்படிங்க அலங்கோலமாப் போட்டு வெக்கிறது?" என்றாள் மனைவி.

அவர் சிரிக்கவில்லை. தேங்காய் வாங்குபவர்போல அலமாரி, கட்டில், மேசை என ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டார். ஊறிப்போன பலகைகளைச் சரியாகக் கண்டுபிடித்து எழுதிக்கொண்டார். காபியை மட்டும், "வேலையா வந்த ஊட்டுல குடிக்கறதில்லீங்க அம்மணி" என்று மறுத்துவிட்டார்.

பணம் வந்து, புதுக் கட்டிலும் வாங்கியாயிற்று. அதை நானும் அவ்வப்போது தட்டிப் பார்க்கிறேன். ஒன்றும் பிடிபடவில்லை.

மனைவிக்குத்தான் இன்னும் மனசு ஆறவில்லை. "அவருக்காகத்தானுங்க அத்தனையும் தொடைச்சு வெச்சேன். ஒரு வாய் காபி குடிக்காமப் போயிட்டாரு."